தோளருகே உடைந்த கைக்கு பிளேட்: எப்போது நிற்கும், எப்போது நழுவும்

வயதானவர்கள் குளியலறையிலோ வாசல்படியிலோ சறுக்கி விழுந்தால் அதிகம் உடையும் இடங்கள் இடுப்பு, மணிக்கட்டு, அப்புறம் தோளை ஒட்டிய மேற்கை எலும்பின் தலைப்பகுதி. இடுப்பு உடைந்தால் ஆபரேஷன், மணிக்கட்டு உடைந்தால் மாவுக்கட்டு என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். தோள் விஷயத்தில்தான் குழப்பம். ஒரு மருத்துவர் பிளேட் வைத்தே ஆக வேண்டும் என்பார். அதே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இன்னொருவர், கையைத் தூளியில் போட்டு மூன்று வாரம் விடுங்கள், அது போதும் என்பார். இருவரில் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. பெரும்பாலும் அப்படி இல்லை. உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் இருபது வருஷமாக நடத்திவரும் விவாதம்தான் அந்த வீட்டுக்குள்ளும் வந்து நிற்கிறது.

அந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். பிளேட் எலும்பின் வெளிப்பக்கத்தில், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற இடத்தில் இருக்கிறது. அது நிற்குமா நழுவுமா என்பதை முடிவு செய்வது எதிர்ப்பக்கம், அக்குளை ஒட்டிய உள்விளிம்பு. படத்தைப் பார்க்கிற யாருடைய கண்ணும் முதலில் அங்கே போவதில்லை.

முதலில் முறிவைப் பார்ப்போம். மேற்கை எலும்பின் மேல்முனை பந்து போன்ற ஒரு தலை. அதன் வெளிப்பக்கம் ஒரு பெரிய புடைப்பு, முன்பக்கம் ஒரு சிறிய புடைப்பு, கீழே நீண்ட தண்டு. விழுந்த வேகத்தில் எலும்பு தாறுமாறாக உடைவதில்லை. பெரும்பாலும் இந்த நான்கு பகுதிகளும் சேரும் கோடுகளில்தான் பிளக்கிறது. அமெரிக்க மருத்துவர் காட்மன் இதை 1934-லேயே எழுதிவிட்டார். 1970-இல் நியூயார்க்கின் சார்லஸ் நீர் அதை வைத்து ஒரு வகைப்பாடு செய்தார். ஒரு துண்டு தன் இடத்திலிருந்து 1 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால், அல்லது 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் மட்டுமே அதைத் தனிப் ‘பாகம்’ என்று எண்ண வேண்டும் என்றார். இரண்டு பாக முறிவு, மூன்று பாக முறிவு, நான்கு பாக முறிவு என்று இன்றும் ரிப்போர்ட்டில் எழுதுவது அந்தக் கணக்கின்படிதான். அதன்படி பார்த்தால் எத்தனை கோடுகளில் விரிசல் இருந்தாலும், துண்டுகள் இடம் மாறாத முறிவு ‘ஒரு பாக’ முறிவுதான். வயதானவர்களிடம் காணும் தோள் முறிவுகளில் பெரும் பங்கு இந்த வகை. இதற்கு ஆபரேஷன் பேச்சே தேவையில்லை.

இன்னொன்று. விழுந்த இரண்டு மூன்று நாளில் மேற்கை முழுக்க, சில சமயம் முழங்கை வரை, மார்பின் பக்கவாட்டிலும்கூட, கருநீலமாகக் கன்றிப் போகும். பார்க்கப் பயமாக இருக்கும். எலும்பிலிருந்து கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழே இறங்குவதுதான் அது. கை மரத்துப்போகாமல், விரல்கள் சில்லிடாமல், அசைக்கவும் முடிந்தால் அந்த நிறத்தை மட்டும் பார்த்து நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை.

துண்டுகள் ஏன் விலகுகின்றன? ஒவ்வொரு துண்டிலும் ஒரு தசை ஒட்டியிருக்கிறது. கையைத் தூக்கவும் வெளிப்பக்கம் சுழற்றவும் உதவும் தசைநாண்கள் பெரிய புடைப்பைப் பிடித்திருக்கின்றன. அது உடைந்தவுடன் அவை மேலும் பின்னும் இழுக்கின்றன. சிறிய புடைப்பை ஒட்டிய தசை அதை உள்ளே இழுக்கிறது. மார்புத் தசை தண்டை முன்னும் உள்ளுமாக இழுக்கிறது. நடுவில் தலை அநாதையாக, பெரும்பாலும் உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாதாரணமாகத் தலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 135 டிகிரி. அது குறையக் குறையத் தோளைத் தூக்கும் தசையின் வலு வீணாகிறது. இந்த இழுபறியை மாவுக்கட்டால் அடக்க முடியாது; தோளைச் சுற்றிக் கெட்டியாகக் கட்ட இடமே இல்லை. அதனால்தான் விலகிய முறிவு என்றால் உள்ளே போய்ப் பிடிக்கலாம் என்ற யோசனை வருகிறது.

பிடிப்பதற்கு முன்பு இருந்த பிளேட்டுகள் சாதாரண வகை. ஸ்க்ரூவை இறுக்கினால் பிளேட் எலும்பின் மேல் அழுந்தும். அந்த அழுத்தம்தான் பிடிமானம். இளைஞரின் கெட்டியான எலும்பில் அது நன்றாக வேலை செய்யும். எழுபது வயதுப் பெண்ணின் எலும்புத் தலைக்குள் அவ்வளவு சரக்கு இருக்காது. நடுப்பகுதி கிட்டத்தட்ட வெற்றிடம் மாதிரி. ஓரத்தில் மெல்லிய ஒரு அடுக்குதான் கெட்டி. ஸ்க்ரூவைத் திருகினால் திருகிக்கொண்டே இருக்கும், இறுகாது. இறுகினாலும் சில வாரத்தில் தளர்ந்து வெளியே வரும்.

2000-களின் தொடக்கத்தில் வந்த ‘லாக்கிங்’ பிளேட் இதற்கு ஒரு வழி கண்டது. எலும்பு முறிவு சிகிச்சைக்காக சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஏ.ஓ. அமைப்பின் வழியாக வந்த ‘ஃபிலோஸ்’ பிளேட் இதில் பிரபலம். நம் ஊர் மருத்துவர்கள் பலரும் எந்தக் கம்பெனி பிளேட்டாக இருந்தாலும் இந்த வகையை அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சின்னதுதான். குட்டையான வகை சுமார் 9 செ.மீ. நீளம். மேல்பாதி அகன்று, எலும்பின் வளைவுக்கேற்ப லேசாகக் குவிந்திருக்கும். அந்த அகன்ற பகுதியில் பல திசைகளைப் பார்த்த துளைகள்; ஒவ்வொரு துளைக்குள்ளும் மரை வெட்டியிருக்கும். ஸ்க்ரூவின் தலையிலும் மரை உண்டு. திருகி முடிக்கும்போது ஸ்க்ரூ எலும்பில் இறுகுவதோடு நிற்காமல் பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும். அதன்பின் பிளேட்டும் ஸ்க்ரூக்களும் ஒரே பொருள். விளிம்பை ஒட்டி நூல் கோக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கும். பார்க்க முக்கியமில்லாதவை போலத் தோன்றும் அந்த ஓட்டைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கும் தைரியமாக பிளேட் வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு புதிதாக ஒரு சிக்கல் தெரியவந்தது. பழைய பிளேட்டில் எலும்புத் தலை அமுங்கினால் ஸ்க்ரூவும் தளர்ந்து பின்னால் வந்துவிடும். பூட்டிய ஸ்க்ரூ பின்னால் வராது. தலை கொஞ்சம் இறங்கினாலும் ஸ்க்ரூ தன் இடத்திலேயே நிற்கும். அதன் முனை தலையைக் கிழித்துக்கொண்டு மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும். கையை அசைக்கும்போதெல்லாம் அந்த முனை எதிரே தோள்பட்டை எலும்பில் இருக்கும் கிண்ணத்தின் குருத்தெலும்பைச் சுரண்டும். எது பலமாக இருந்ததோ அதுவே சேதம் செய்கிறது.

2009-இல் வெளியான, சூட்காம்ப் குழுவினரின் பல மருத்துவமனை ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. லாக்கிங் பிளேட் வைத்த 155 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்ததில் 34 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. 19 சதவீதம் பேருக்குத் திட்டமிடாத இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்தச் சிக்கல்களில் 40 சதவீதம், ஆபரேஷன் முடியும்போதே இருந்தவை; அதாவது செய்முறையில் நேர்ந்த பிழைகள். ஸ்க்ரூ முனை தலையைத் துளைத்து வெளியே வந்திருந்தது மட்டும் 21 பேருக்கு. நோயாளியின் எலும்பு மோசம் என்று இதில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. சரியாக வைப்பது சுலபமில்லாத ஒரு கருவியைச் சுலபமானது என்று நினைத்ததன் விளைவு என்றே இதை வாசிக்கிறேன்.

உள்விளிம்பு இங்கேதான் வருகிறது. பிளேட் தலையை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் பிடிக்கிறது. தலையோ உள்பக்கம் சரியப் பார்க்கிறது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் அறைந்த பலகையில் பாரம் ஏற்றினால் என்ன ஆகுமோ அதே கதை. கீழே ஒரு முட்டு வேண்டும். 2007-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கார்ட்னர் குழுவினர், உள்பக்க முட்டு இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, முட்டு இல்லாத தோள்களில்தான் தலை அதிகம் இறங்குகிறது, ஸ்க்ரூ துளைக்கிறது என்று காட்டினார்கள். முட்டு கிடைக்க வழிகள் உண்டு. உள்விளிம்பில் எலும்போடு எலும்பு சரியாக ஒட்டி உட்காரலாம். அங்கே நொறுங்கியிருந்தால் தண்டைத் தலைக்குள் கொஞ்சம் அமுக்கி உட்கார வைக்கலாம். கையின் நீளம் சில மில்லிமீட்டர் குறையும், அதனால் பெரிய நஷ்டமில்லை. பிளேட்டின் கீழ்த் துளைகள் வழியாக, சாய்வாக மேல்நோக்கி, தலையின் அடிப்பகுதியைத் தாங்கும்படி இரண்டு ஸ்க்ரூக்கள் போடலாம். எலும்பு ரொம்பவே மோசம் என்றால் காலின் ஃபிபுலா எலும்புத் துண்டு ஒன்றை தண்டின் குழிக்குள் இறக்கித் தூணாக நிறுத்துவதும் உண்டு. அதற்கு எலும்பு வங்கியிலிருந்து துண்டு வர வேண்டும்.

ஆபரேஷன் டேபிளில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நோயாளியை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது போலச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். தோளின் முன்பக்கம், தோள் தசைக்கும் மார்புத் தசைக்கும் இடையே உள்ள இயற்கையான இடைவெளி வழியாக உள்ளே போவது வழக்கமான பாதை. இதில் எந்தத் தசையையும் வெட்ட வேண்டியதில்லை. பக்கவாட்டில் தோள் தசையைப் பிரித்துக்கொண்டு போவதும் உண்டு. அங்கே தோள் முனையிலிருந்து ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. கீழே அக்குள் நரம்பு குறுக்காக ஓடுகிறது. அது அறுந்தால் கையைத் தூக்கும் தசையே செத்துவிடும். அதனால் அந்த வழியில் போகிறவர் முதலில் நரம்பை விரலால் தொட்டுப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வார்.

உள்ளே போனதும் துண்டுகளை இடுக்கியால் பிடிக்க முடியாது. மெலிந்த எலும்பு நொறுங்கிவிடும். எலும்பில் தசைநாண் ஒட்டும் இடத்தில் கெட்டியான நூலைக் கோத்து, அந்த நூலைப் பிடித்து இழுத்துத்தான் புடைப்புகளைத் தங்கள் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எலும்பைவிட அந்தத் தசைநாண்தான் உறுதியாக இருக்கும். சரிந்த தலையைத் தூக்கி நிறுத்தி, மெல்லிய கம்பிகளால் தற்காலிகமாகக் குத்தி வைத்து, ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பிறகு பிளேட். பெரிய புடைப்பின் உச்சியிலிருந்து 5 முதல் 8 மி.மீ. கீழே, பைசெப்ஸ் தசைநாண் ஓடும் பள்ளத்துக்கு 2 முதல் 4 மி.மீ. பின்னால் என்று அதற்கு அளவு இருக்கிறது. மேலே ஏறிவிட்டால் கையைத் தூக்கும்போது பிளேட் தோள் முனையில் இடிக்கும். கீழே இறங்கிவிட்டால் தலையைத் தாங்கும் ஸ்க்ரூ சரியான இடத்துக்குப் போகாது. துளையிடும்போது அனுபவஸ்தர்கள் வெளி அடுக்கை மட்டும் துளைத்துவிட்டு, உள்ளே அளவுக்கம்பியை மெதுவாகச் செலுத்தி, அந்தப் பக்கத்து ஓடு தட்டுப்படுவதைக் கையால் உணர்ந்து நீளம் எடுப்பார்கள். ஸ்க்ரூ முனை மூட்டின் பரப்புக்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். கடைசியில், தசைநாண்களில் கோத்த நூல்களை பிளேட்டின் விளிம்பு ஓட்டைகளில் நுழைத்து இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். முன்பே சொன்ன சின்ன ஓட்டைகள் இவைதான். இந்த முடிச்சுகள் இல்லாவிட்டால் ஸ்க்ரூக்கள் தலையைப் பிடித்திருக்கும், தசைகள் புடைப்புகளைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு பயம் இருக்கிறது: தலைக்குப் போகும் ரத்தம். முறிவு தலையை ஒட்டிப் போனால் ரத்தக்குழாய்களும் அறுபடுகின்றன. 2004-இல் ஹெர்ட்டல் குழுவினர், தலையோடு சேர்ந்து உள்விளிம்பு எலும்பு 8 மி.மீ.க்குக் குறைவாக ஒட்டியிருந்தால், தலையும் தண்டும் உள்பக்கத்தில் கீல் போலச் சேரும் இடம் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால், தலைக்கு ரத்தம் நின்றுபோயிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டார்கள். மறுபடியும் அதே உள்விளிம்பு. ஆனால் ரத்தம் நின்ற தலையெல்லாம் பிறகு சாவதில்லை என்று அதே குழு பின்னர் எழுதியது. நன்றாகச் சேர்த்து வைத்தால் சில தலைகளுக்கு ரத்தம் திரும்புகிறது. அப்படித் திரும்பாத தலை ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட மெல்ல அமுங்கலாம். அதனால் ஆறு மாதத்தில் வலி இல்லை என்றவுடன் செக்கப்பை நிறுத்துவது சரியில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு வைக்கும் பிளேட், தூளியைவிட நல்ல பலன் தருகிறதா? இங்கிலாந்தில் நடந்த ‘ப்ரோஃபர்’ ஆய்வு 2015-இல் வெளியானபோது எலும்பு மருத்துவ உலகமே அதிர்ந்தது. விலகிய முறிவு உள்ள 250 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குத் தூளியும் பயிற்சியும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 48-க்கு மதிப்பெண் போடும் ஆக்ஸ்ஃபோர்டு தோள் அளவீட்டில் இரண்டு வருடக் காலத்தின் சராசரி, ஆபரேஷன் பக்கம் 39, தூளிப் பக்கம் 38. வித்தியாசமே இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தும் அப்படியே. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கையும், இந்த வகை முறிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆபரேஷனால் கூடுதல் பலன் இல்லை என்றே சொல்கிறது. எக்ஸ்ரேயில் கோணலாகச் சேர்ந்த எலும்பை வைத்துக்கொண்டு தலை வாரி, சமைத்து, பாத்திரம் கழுவி வாழ்கிற ஏராளமான பேரைப் பார்த்திருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதை வைத்து ‘பிளேட்டே வேண்டாம்’ என்று சொல்வதும் தவறு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 66. ஆபரேஷன் கட்டாயம் என்று மருத்துவர் தெளிவாகக் கருதியவர்களை அதில் சேர்க்கவே இல்லை. பைக்கிலிருந்து விழுந்த முப்பது வயதுக்காரருக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. மூட்டு நழுவி எலும்பும் உடைந்திருந்தால், தலை இரண்டாகப் பிளந்திருந்தால், தண்டு தலையை விட்டு முழுக்க விலகி எலும்போடு எலும்பு தொடாமலே இருந்தால், பெரிய புடைப்பு மேலே ஏறி நின்றால் தூளியில் காத்திருப்பது கையின் இயக்கத்தை இழக்கும் வழி. இளம் வயதில், கெட்டியான எலும்பில், விலகிய முறிவுக்கு பிளேட் இன்றும் நல்ல சிகிச்சை. என் கவலை மறுகோடியில்: எழுபதைத் தாண்டியவர், மெலிந்த எலும்பு, உள்விளிம்பு நொறுங்கிய நான்கு பாக முறிவு. அந்தத் தோளில் பிளேட் வைப்பதற்கு மிக உறுதியான காரணம் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது வேறொரு வழியும் இருக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரத்து பால் கிரமோன் 1985-இல் உருவாக்கிய தலைகீழ் தோள் மூட்டு. பந்து இருக்கும் இடத்தில் கிண்ணத்தையும் கிண்ணம் இருக்கும் இடத்தில் பந்தையும் வைக்கிறார்கள். புடைப்புகளைப் பிடித்திருக்கும் சுழல் தசைகள் போய்விட்டாலும் வெளித் தோள் தசையை மட்டும் வைத்தே கையைத் தூக்க முடிகிறது. நார்வேயில் 65 முதல் 85 வயது வரை உள்ள 124 பேரிடம் இதையும் பிளேட்டையும் ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவில் இரண்டாம் வருடம் தலைகீழ் மூட்டு வைத்தவர்களுக்கு 100-க்கு 68 மதிப்பெண், பிளேட் வைத்தவர்களுக்கு 54.6. விலை அதிகம், செய்யப் பழகியவர்கள் எல்லா ஊரிலும் இல்லை, சரியாக அமையாவிட்டால் திருத்துவதும் கஷ்டம். ஆனாலும் வயதானவருக்கு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பிளேட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பேன்.

நம் பக்கத்தில் வழக்கமாகக் கேட்கிற கேள்வி வேறு: “ஸ்டீல் போடலாமா, டைட்டானியம் போடலாமா?” இரண்டிலும் எலும்பு சேரும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது டைட்டானியத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் தெளிவாக வரும். உலோகத்துக்காகக் கூடுதல் பணம் புரட்டுவதைவிட, “சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா, உள்பக்கம் நொறுங்கியிருக்கிறதா, அங்கே எப்படித் தாங்கு கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்பது பயனுள்ளது. சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து இந்த முறிவை வகைப்படுத்துவதில் தேர்ந்த மருத்துவர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள்.

கட்டுப் போடுகிறவர்களிடம் போவது பற்றியும் சொல்ல வேண்டும். ஆந்திராவின் புத்தூருக்குத் தமிழ்நாட்டிலிருந்து போய் வருகிறவர்கள் இன்றும் நிறைய. அங்கே போய்த் தோள் முறிவு குணமானவர்கள் சொல்வது பொய்யில்லை. விலகாத முறிவு தூளியிலேயே சேர்ந்துவிடும், அதனால் கட்டிலும் சேரும். விலகிய முறிவில்தான் ஆபத்து. தடவி இழுப்பதால் துண்டுகள் மேலும் விலகலாம், நரம்பு பாதிக்கலாம். மூன்று நான்கு வாரம் கழித்து மருத்துவமனைக்கு வரும்போது துண்டுகள் தப்பான இடத்தில் ஒட்ட ஆரம்பித்திருக்கும். அவற்றைப் பிரித்துச் சேர்ப்பது புதிய முறிவைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். கட்டுக்குப் போவது என்று முடிவு செய்தவர்கள்கூட, போகும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து விலகல் இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிளேட்டோ தூளியோ, அப்புறம் நடப்பது பயிற்சி. தோள் மூட்டு சும்மா இருந்தால் இறுகிப்போகும். நிலைமை அனுமதித்தால் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சிறிய வட்டமாக ஆட்டும் பயிற்சி தொடங்கும். ஆறு வாரம் வரை பிசியோதெரபிஸ்ட்டோ மறுகையோ தூக்கிவிட வேண்டும். தானாகத் தூக்குவது அதன்பிறகு. பாரம் தூக்குவது சுமார் மூன்று மாதம் கழித்து. பிளேட் உறுதியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவசரப்படுகிறவர்களுக்கும், வலிக்குப் பயந்து மூன்று மாதம் கையை உடம்போடு ஒட்டி வைத்திருப்பவர்களுக்கும் பலன் ஏமாற்றமாகவே இருக்கும். முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோவது கடைசியில்தான் திரும்பும். சிலருக்கு முழுமையாகத் திரும்பாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எழுபது வயதில் உச்சிக்கு எண்ணெய் வைக்கக் கை எட்டினால் அது நல்ல பலன்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது அடிக்கடி விட்டுப்போவது ஒன்று இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து தோள் உடைந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். இவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இடுப்பு உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பை வலுப்படுத்தும் மருந்து, விழுந்ததற்குக் காரணம் கண்பார்வையா, தலைச்சுற்றலா, ரத்த அழுத்த மாத்திரையா என்ற விசாரணை, இவை எல்லாம் தையல் பிரிக்கப் போகிற நாளிலேயே தொடங்க வேண்டியவை. மருத்துவர் சொல்லாவிட்டால் கூடப் போகிறவர் கேட்கலாம்.